மலைக் கணவாய் என்ன விலை?

காலை ஒன்பதே காலுக்குள் பதினோரு போன். பதினோரு பேரும் கேட்டது ஒரே கேள்விதான்: கணவாயை மூடிட்டாங்களாமே, எப்போ திறப்பாங்க?

பதினோராவது போனை வைத்துவிட்டு, துணை ஆசிரியர் காலையில் தான் அனுப்பிய செய்தியை எடுத்துப் பார்த்தார். அவர் வேலை பார்த்த மீன் சந்தைத் தகவல் நிலையம், பல நாட்டுத் துறைமுகங்களின் வரத்தையும் விலையையும் திரட்டி, தினமும் காலையில் நாலாயிரம் வியாபாரிகளின் செல்போனுக்கு அனுப்பும். செய்திகளைச் சுருக்குவது அவர் பொறுப்பு. அன்று வந்த செய்தி இது: 'கடும் பனியால் மலைக்கு நடுவே உள்ள கணவாய் மூடப்பட்டது. மீன் லாரிகள் நான்கு நாள் தாமதமாகும்.' அதைச் சுருக்குகிறேன் பேர்வழி என்று, 'கணவாய் மூடல், நான்கு நாள்' என்று அனுப்பிவிட்டார்.

மலை இடுக்கில் போகிற வழிக்கும் கணவாய் என்று பெயர். பத்துக் கையை ஆட்டிக்கொண்டு கடலில் நீந்துகிற பிராணிக்கும் கணவாய் என்றுதான் பெயர். பேர் வைத்த புண்ணியவான் யாரோ, பழி மட்டும் துணை ஆசிரியர் தலையில். மீன் வியாபாரியிடம் போய்க் கணவாய் என்றால் அவருக்கு மலையா ஞாபகம் வரும்? கணவாய் பிடிக்கத் தடை என்று நம்பி, அரை மணியில் சந்தையில் விலை ஏற ஆரம்பித்துவிட்டது.

வேறு யாராவது என்றால் ஒரு திருத்தம் அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். இவரால் முடியாது. சேர்ந்த ஐந்து மாதத்தில் இவர் கணக்கில் ஏற்கெனவே இரண்டு திருத்தங்கள். மத்திய வங்கி வட்டியைக் குறைத்த செய்தியை 'மத்தி வங்கி' என்று போட்டது முதலாவது. துறைமுகச் சாலையில் பாறை உருண்டு விழுந்ததை 'பாறை சரிவு' என்று போட்டு, பாறை மீன் வைத்திருந்தவர்களை எல்லாம் அடிமாட்டு விலைக்கு விற்க வைத்தது இரண்டாவது. அலுவலகத்தில் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'திருத்தம் சார்' என்றுதான். வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம் இருந்தது. அதற்குள் மூன்றாவது திருத்தம் வந்தால் நடையைக் கட்ட வேண்டியதுதான் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

ஆகவே அவர் திருத்தம் போடவில்லை. விளக்கம் போட்டார். 'மூடப்பட்டது மலைக் கணவாய். கடல் கணவாய் அல்ல.'

அந்த நிம்மதி இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை. ஆபரேட்டர் அம்மா ஓர் ஏற்றுமதியாளரை லைனில் கொடுத்தார்.

"சார், இந்த மலைக் கணவாய் கிலோவுக்கு எத்தனை நிக்கும்?"

"ஐயா, அது மீனே இல்லைங்க."

"கணவாய் மீன் இனம் இல்லைன்னு எங்களுக்கும் தெரியும் சார். எத்தனை நிக்கும், அதைச் சொல்லுங்க."

அடுத்து, கடல் தாண்டி ஒரு கொள்முதல்காரர். முழுசாகக் கிடைக்குமா, தோல் உரித்துச் சுத்தம் செய்ததாகவா என்று கேட்டார். இன்னொருவர், அங்கேதான் பனி கொட்டுகிறதே, ஐஸ் வைக்காமலே வருமா என்றார். மலையில் வலையை எங்கே போடுவார்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

துணை ஆசிரியர் ஒரு கூடுதல் விளக்கம் அனுப்பினார். 'மலைக் கணவாய் விற்பனைக்கு இல்லை.' ஒரு பொருள் இல்லை என்று தெரிந்தால் வியாபாரிக்குத் தூக்கம் வருமா? யாரோ பெரிய கை மொத்தத்தையும் வாங்கிப் பதுக்குகிறார் என்று பேச்சு கிளம்பியது. பதறிப்போய், சிறு குறிப்பு ஒன்றை அனுப்பினார். 'மலைக் கணவாய் நான்கு நாளில் திறக்கப்படும்.' முன்பதிவைத்தான் திறக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, இருபத்தேழு பேர் அப்போதே பேர் கொடுத்தார்கள். பிள்ளையார் பிடிக்கப் போனால் குரங்காவது மிஞ்சும். இவருக்கு அதுவும் மிஞ்சவில்லை.

மத்தியானம் மனைவி கூப்பிட்டாள். அவளுடைய அக்கா வீட்டுக்காரர் மீன் கடை வைத்திருப்பவர். இத்தனை வருஷத்தில் இவரை ஒரு பொருட்டாக மதித்தவர் இல்லை.

"அத்தான் கடைக்கு மலைக் கணவாய் ரெண்டு பெட்டி வேணுமாம். எல்லாம் உங்க ஆபீஸ் கையிலதான் இருக்காமே. இந்த ஒரு தடவையாவது எங்க அக்கா முன்னாடி நான் தலை நிமிர்ந்து நிக்கணுங்க."

பார்க்கிறேன் என்றார். சகலை தன்னிடம் ஒன்றைக் கேட்டுவிட்டாரே என்று உள்ளுக்குள் குளிர்ந்தும் போனார். வெட்கக்கேடு அதுதான்.

மூன்று மணிக்கு மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் போட்டி நிறுவனத்தின் விலைப்பட்டியல் விரிந்து கிடந்தது. அதில் மலைக் கணவாய் முதல் ரகம், இரண்டாம் ரகம் என்று இரண்டு வரிகள்.

"செய்தியை முதல்ல போட்டது நாம. விலையை அவங்க போடறாங்க. நம்ம பட்டியல்ல ஏன் இல்லை?"

கண்ணை மூடிக்கொண்டு ஒரு விலையை எழுதிக் கொடுத்திருந்தால் தப்பித்திருக்கலாம். ஆனால் பொய் விலை போடும் அளவுக்கு அவர் கெட்டவர் இல்லை, அவசரக்காரர், அவ்வளவுதான். காலையிலிருந்து நடந்ததை ஒன்றுவிடாமல் கொட்டித் தீர்த்தார். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார்.

"மூணாவது திருத்தத்தைப் போடுங்க," என்றார் கடைசியில். "போட்டுட்டு மேசையைக் காலி பண்ணுங்க."

துணை ஆசிரியர் போட்டார். 'திருத்தம்: மலைக் கணவாய் என்று ஒரு கடலுணவு உலகத்தில் எங்குமே கிடையாது. பனியால் மூடப்பட்டது மலைப்பாதை மட்டுமே. தவறுக்கு வருந்துகிறோம்.' ஐந்து மாதத்தில் அவர் சுருக்காமல் அனுப்பிய ஒரே செய்தி அது. வேலை போனாலும் பாரம் இறங்கியது போல இருந்தது. டிபன் டப்பாவையும் குடையையும் பையில் போட்டுக்கொண்டு, மனைவியிடம் எதை முதலில் சொல்வது, வேலை போனதையா, ரெண்டு பெட்டி கிடைக்காததையா என்று யோசித்தபடியே வாசலுக்கு வந்தார். மேனேஜரும் கூடவே வந்து கை கொடுத்தார். மனுஷர் நல்லவர்தான்.

ஆபரேட்டர் அம்மா ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு கூப்பிட்டார்.

"திருத்தம் சார், போயிடாதீங்க. குளிர்பதனக் கிடங்குக்காரர் ஒருத்தர் லைன்ல சண்டை போடறார். மத்தியானம் அவருக்குப் பன்னிரண்டு டன் மலைக் கணவாய் வந்து இறங்கி, பாதி வித்தும் போச்சாம்; உங்க திருத்தத்துக்கு உடனே ஒரு திருத்தம் போடணுமாம்."