யானைக் காட்டுக்கு ஒரு பை மாம்பழம்

போன ஞாயித்துக்கிழம காட்டுல நடக்கப் போனேன். விஷயம் அவ்ளோதான்.

கூட ஜெஸ்ஸி. ஸ்ரீ சிட்டி கம்பெனில என் பக்கத்து சீட்டு, திருவள்ளூர்க்காரி. "எங்க பங்காருபாளையத்துக்கு வா, பலமநேர் பக்கம் யானைக் காடு இருக்குது, எனக்கு அத்துப்படி"ன்னு மாசக்கணக்கா அளந்து வெச்சிருந்தேன்.

உண்மை இன்னான்னா, அந்தக் காட்டை நான் பஸ் ஜன்னல்லதான் பாத்திருக்கேன்.

அதனால யூட்யூப்ல வீடியோவா பாத்து பை கட்டினேன். தண்ணி, தொப்பி, பிஸ்கட், பேண்டேஜ், துண்டு, விசில்.

"விசில் எதுக்குடி?"

"காணாமப் போனா ஊதறதுக்கு."

"அத்துப்படின்னியே?"

"உனக்குடி!"

காலைல பையைத் தூக்கினா தோள்பட்டை எறங்கிடுச்சு. ட்ரெக்கிங் பைன்னா கனமாத்தான் இருக்கும்போலன்னு நானே சமாதானம் சொல்லிக்கினேன். எங்க நைனா வாசல்ல நின்னு சிரிச்சிக்கினே டாட்டா காட்டினாரு. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். நைனா டாட்டா காட்ற ஆளே இல்ல!

ஸ்கூட்டியில காட்டு கேட்டுக்குப் போய்ச் சேந்தோம். வாச்சர் ஒருத்தர் இருந்தாரு. அவர் கூட வந்தாத்தான் உள்ள நடக்க விடுவாங்க. தெலுங்கு பாதி, தமிழ் பாதி பேசற ஆளு. என் பை பக்கமா வந்து மூக்கை உறிஞ்சினாரு.

"ஏமம்மா, உள்ள இன்னா? மாமிடி பண்டா?"

"மாம்பழமா? சேச்சே! பிஸ்கட்டுண்ணா"ன்னு ஜிப்பைத் தொறந்து காட்டினேன்.

துண்டுக்கு அடியில பங்கனப்பள்ளி! எங்க தோட்டத்துப் பழம், நல்லா கனிஞ்சது, ஒரு டஜனுக்குக் கொறையாது. நைனா வேலை.

வாச்சர் தலையில கைய வெச்சிக்கினாரு. "யானைக் காட்டுக்கு மாம்பழம் எத்திக்கினு வந்தா, நாம அதைத் தேடிப் போவ வேணாம்மா. அதுவே நம்மளத் தேடி வரும்."

"அப்போ உங்க ரூம்ல வெச்சிட்டுப் போறோம்ணா."

"இங்க படுக்கறது நானு!"

"வண்டி டிக்கில?"

"வண்டி வேணாமா உனக்கு?"

கடைசியா ஜெஸ்ஸிதான் வழி சொன்னா. "துன்னுடலாம்."

ரூமுக்குப் பின்னாடி உக்காந்து துன்னோம். வாச்சரைக் கூப்ட்டா, "நாக்கு ஷுகர் உந்தி, எனக்கு சுகரும்மா"ன்னு கும்பிடு போட்டுட்டு ஒதுங்கிட்டாரு. கொஞ்ச நேரத்துல திரும்பி வந்து, "ஒண்ணே ஒண்ணு"ன்னு கைய நீட்டினாரு. மிச்சம் மொத்தம் நாங்க. மொதல் பழம் அமிர்தம். அஞ்சாவது கடமை.

அப்புறம் பம்புல சோப்பு போட்டு முழங்கை வரைக்கும் கழுவ வெச்சு, கைய மோந்து பாத்துட்டுதான் உள்ள விட்டாரு.

விட்டா இன்னா, நடக்க முடிஞ்சாத்தானே? ஜெஸ்ஸி கண்ணுல பட்ட பாறை எல்லாத்துலயும் உக்காந்தா.

"இது இன்னா மரம்டி?"

"காட்டு மரம்."

ஒரு திருப்பத்துல வாச்சர் டக்குனு நின்னாரு. நடுவழியில சாணி, கூடை கூடையா. குச்சியால கிளறினாரு. உள்ள மாங்கொட்டை!

"எவன் தோட்டத்துல பூந்து வந்துச்சோ," அவரு குரலைத் தாழ்த்தினாரு. "இன்னும் சூடு ஆறல. கிட்டதான் இருக்குது."

அவ்ளோதான். எழுந்து நிக்க முடியாத ஜெஸ்ஸி, எனக்கு முன்னாடி கேட்ல நின்னா! எனக்கு வயித்துக்குள்ள அஞ்சு மாம்பழமும் தனித்தனியா குதிச்சிக்கினு வந்துச்சு.

வீட்டுக்கு வந்து நைனாவைப் புடிச்சேன். "ஏன் நைனா இப்டி பண்ணே?"

"வெளியூரு பொண்ணு. காட்டுல பசிச்சா இன்னா துன்னும்?"

முழுக் கதையும் சொன்னேன். அவரு சிரிக்கவே இல்ல. "தோலு, கொட்டையெல்லாம் எங்க போட்டீங்க?"

நான் ஜெஸ்ஸியைப் பாத்தேன். அவ என்னைப் பாத்தா. அவ எடுத்திருப்பான்னு நான், நான் எடுத்திருப்பேன்னு அவ!

பதறிப்போய் வாச்சருக்கு போன் போட்டேன். "அண்ணா, ரூமுக்குப் பின்னாடி..."

"ஆ, பாத்தேன்மா. நீங்க போன கையோட குரங்குங்க வந்து, ஒரு கொட்டை விடாம எடுத்துக்கினு போயிடுச்சு."

காட்டுல குப்பை போடக் கூடாதுன்னு படிச்சவங்க நாங்க, எடுத்தது குரங்கு.