பாடகி அம்மாவுக்கு மூன்று உதறல்

வாசலுக்கு வந்தவரை வாசனையோடு வரவேற்க வேண்டும் என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். எவ்வளவு வாசனையோடு என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. அந்தச் சின்னக் குறையால், இத்தாலியில், பலெர்மோ நகரின் பெயர்பெற்ற ஒபேரா பாடகியை அவருடைய சொந்த விழாவிலேயே அழ வைத்தவள் என்ற பெருமை எனக்குக் கிடைத்தது.

மன்னாரில் இருந்து வந்து அப்போது அதிக காலம் ஆகவில்லை. வியா மக்வேதா என்ற பெரிய தெருவில், வாசனைத் திரவியம் விற்கிற ஒரு சென்ற் கடையில் எனக்குத் தற்காலிக வேலை. தரை துடைப்பது, கண்ணாடித் தட்டுத் துடைப்பது, துடைத்ததையே திரும்பத் துடைப்பது. கடை முதலாளியம்மா சிஞ்ஞோராவின் வீட்டில் வேலை செய்த என் அக்கா மேர்லின்தான் கையைக் காலைப் பிடித்து என்னைச் சேர்த்துவிட்டிருந்தாள். நிரந்தர வேலைக்கு சிஞ்ஞோராவின் கையெழுத்து விழுந்தால்தான் என் பெர்மெசோவை, அதாவது இந்த நாட்டில் இருக்கிற அனுமதியை, புதுப்பிக்கலாம். விழாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

"விழா நல்லபடி முடியட்டும். மறுநாள் கையெழுத்துப் போடுகிறேன்" என்று சொல்லியிருந்தார் சிஞ்ஞோரா.

விழா என்னவென்றால், அந்தப் பாடகியின் பெயரில் விலையுயர்ந்த சென்ற் ஒன்று வெளிவருகிறது. (எங்கள் ஆட்கள் செத்தவர் பெயரில் கோயிலுக்கு மணி செய்து கொடுப்பார்கள். இங்கே உயிரோடு இருக்கிறவர்கள் போத்தலுக்குப் பெயர் கொடுக்கிறார்கள்.) வாசலில் நிற்க வேண்டிய பெண்ணுக்குக் காய்ச்சல். காலையிலேயே சிஞ்ஞோரா என்னைக் கூப்பிட்டு ஒரு கட்டுக் காகிதக் கீற்றையும், கண்ணாடி மூடி போட்ட பெரிய போத்தலையும் காட்டினார்.

"கீற்றில் ஒரு சொட்டு. கையில் கொடு. சிரி. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்றால் அவ்வளவோடு நின்றிருக்கலாம். மனம் ஒப்பவில்லை. வீடு தேடி வந்த ஆளுக்கு பஸ் டிக்கெட் மாதிரிக் கடதாசித் துண்டை நீட்டுவதா? ஊரில் எங்கள் கோயில் பங்கில் எந்தக் கலியாணம் என்றாலும் வாசலில் பன்னீர்ச் செம்போடு நிற்பவள் நான். கைராசிக்காரி என்பார்கள். (கால் கடுக்க நிற்க வேறு ஆள் கிடைக்காது என்பதும் ஒரு காரணம்.) கூடவே கொண்டுவந்த அந்தச் செம்பு, நகரின் ஓரத்தில் பிரான்காச்சோவில் எங்கள் வீட்டு அலுமாரியில்தான் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பஸ் பிடித்துப் போய் எடுத்து வந்துவிட்டேன்.

விழாவில் தட்டு ஏந்த அக்காவும் வந்திருந்தாள். செம்பைக் கண்டதும் அவள் முகம் கறுத்தது.

"உதென்னடி? உனக்கு விசரே?"

"சும்மா இரக்கா. இவையளுக்கு மரியாதை எண்டா என்னெண்டு காட்டுவம்."

"சிஞ்ஞோரா பேப்பரிலைதானே குடுக்கச் சொன்னவ?"

"ஓம், அது சாதாரண நாளுக்கு. இண்டைக்கு விழாவெல்லே?"

போத்தலைச் செம்புக்குள் கவிழ்த்தேன், அடிமண்டி இல்லாமல்.

முதலில் வந்தவர்களுக்கு அளவாகத்தான் தெளித்தேன். ஒரு கனவான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு அம்மா தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கூரை ஒழுகுகிறதோ என்று அண்ணாந்து பார்த்தார். சிஞ்ஞோரா உள்ளே பத்திரிகைக்காரர்களோடு நின்றதால் ஒன்றையும் காணவில்லை. எனக்கோ கை நன்றாகப் பழகிவிட்டது.

அப்போதுதான் பாடகி அம்மா வந்தார். பச்சைப் பட்டில், எங்கள் ஊர் மாதாவின் தேர் அசைந்து வருவதுபோல வந்தார். பிரதம விருந்தினருக்கு ஒரு உதறல் போதுமா? மூன்று உதறினேன். மூன்றும் முகத்தில்.

முதலில் தும்மல். அடுத்தது இருமல். பிறகு இரண்டும் சேர்ந்த ஒன்று வந்தது. அதற்கு எந்த மொழியிலும் பெயர் இல்லை. அவருடைய உதவியாளர் பாய்ந்து வந்து என் காதுக்குள் சீறினார்.

"வாசனை அவருக்கு ஆகாது! தொண்டை கட்டிவிடும்! எந்த சென்றும் அவருக்குப் பக்கத்தில் வரக் கூடாது!"

காகிதக் கீற்றின் மகிமை எனக்கு அப்போதுதான் விளங்கியது. போத்தலில் இருப்பது இவருடைய பெயர். போத்தலைத் திறந்தால் ஓட வேண்டியவரும் இவர்தான். (மச்சமாமிசம் தின்னாதவர் மீன்கடைக்குப் பெயர் கொடுத்த கதை.)

சத்தம் கேட்டு எல்லோரும் திரும்பினார்கள். சிஞ்ஞோராவின் முகத்தில் இரத்தம் இல்லை. மூலையில் தட்டோடு நின்ற அக்காவின் உதடுகள் அருள்நிறை மரியே சொல்லிக்கொண்டிருந்தன. என் வேலை போனது மட்டுமல்ல, அக்காவின் வேலைக்கும் உலை வைத்துவிட்டேன் என்று தெரிந்தது. செம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழத் தொடங்கினேன்.

ஒரு பத்திரிகைக்காரர் பாடகியிடம் கேட்டார். "அம்மா, ஏன் அழுகிறீர்கள்?"

கண்ணும் மூக்கும் ஓட, பாடகி அம்மா என்னைப் பார்த்தார். செம்பைப் பார்த்தார். பிறகு கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டு, பாதிக் குரலில் சொன்னார்.

"என் பெயரில் வந்த வாசனையை முதல் முறையாக முகர்கிறேன். அழாமல் என்ன செய்ய?" (முதல் முறை என்றது சத்தியமாக உண்மை.) அதோடு விடாமல் என் தோளில் கையைப் போட்டார். "இந்தப் பிள்ளையின் ஊரில் விருந்தாளியை இப்படித்தான் வரவேற்பார்கள். நான்தான் கேட்டேன்."

கடை முழுக்கக் கைதட்டல். அன்றைக்கு அவர் ஒரு பாட்டுப் பாடுவதாக இருந்தது. மனம் நெகிழ்ந்துவிட்டது, பாட முடியாது என்று உதவியாளர் அறிவித்தார். அதற்கும் கைதட்டினார்கள். வெளியே போகும்போது பாடகி அம்மா என் காதருகே குனிந்து, கரகரத்த குரலில் சொன்னார்.

"அடுத்த முறை, காகிதம்."

மறுநாள் கடையின் கதவு யன்னல் எல்லாம் திறந்து கிடக்க, சிஞ்ஞோரா கையெழுத்துப் போட்டார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது கடதாசியை அக்காவிடம் காட்டினேன். முறைத்துக்கொண்டு இருந்தவள் திடீரென்று சிரிக்கத் தொடங்கி, பிரான்காச்சோவில் இறங்கும்வரை நிறுத்தவில்லை.

எத்தனையோ மேடைகளில் அரசியாகவும் காதலியாகவும் நடித்தவர் அவர். எனக்காக நடித்தது ஒரு நிமிஷம். இந்த நகரத்தில் எனக்கு வேலை, வீடு, பிள்ளை என்று இருப்பதெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தின் புண்ணியம். இரவுச் செபத்தில் எங்கள் வீட்டாரோடு அவர் பெயரையும் இன்றுவரை சொல்லி வருகிறேன்.

பிறகு எனக்குக் கலியாணம் வந்தது. வரமாட்டார் என்ற நம்பிக்கையில் அவருக்கும் ஒரு அழைப்பிதழ் அனுப்பினேன். வந்தார். கோயில் மண்டப வாசலில் அக்கா செம்போடு நின்றாள். அவரைக் கண்டதும் செம்பை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். பாடகி அம்மா ஒரு கையால் கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு மறு கையை நீட்டி அதை வாங்கினார். நேரே மணமேடைக்கு வந்து, என் முகத்தில் மூன்று உதறல் உதறினார்.

"இன்றைக்குக் காகிதம் இல்லை" என்றார். உடனே தும்மினார்.

பவுடர் வழிந்து, மை கரைந்து நான் நிற்கும் அந்தக் காட்சி கலியாண வீடியோவில் இருக்கிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் என் மகள் அதைத்தான் போட்டுக் காட்டுவாள். வந்தவர்களுக்கு நான் சோற்றையும் கறியையும் அள்ளி அள்ளிப் போடத் தொடங்கினால், அக்கா தட்டை மறைத்துக்கொண்டு கத்துவாள்:

"அடியே, பேப்பர்! பேப்பர்!"