சிவப்பு நாற்காலி ராஜமாணிக்கம்

நம்மூரில் ஒரு வகை ஆள் உண்டு. கர்ப்பிணிப் பெண் தெருவில் நடந்து வருவதைப் பார்த்துவிட்டால் போதும், கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வந்து போடுவார். "உக்காரும்மா, உக்காரு." வைத்தியம், வாழ்த்து, தத்துவம் எல்லாம் அவருக்கு இந்த ஒரு வார்த்தைதான்.

விருத்தாசலத்தில் செராமிக் பொம்மை கம்பெனி வைத்திருக்கும் ராஜமாணிக்கம் இந்த வகையில் முதல் தரம். அவர் கம்பெனியில் துர்கா காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஐந்துவரை உட்கார்ந்த இடத்தில் பொம்மைகளுக்குக் கண் வரைகிறாள். வயிற்றில் ஏழு மாசம். இடுப்பு வலிக்கிறதென்று எழுந்து நின்றால், "என்னம்மா, கண்ணு முடிஞ்சிடுச்சா?" என்பார். அவள் உட்கார்ந்திருக்கும்வரை அவருக்கு ஒரு கவலையும் கிடையாது.

துர்காவைப் பெற்றபோது அவள் அம்மாவுக்கு பிரஷர் ஏறி, பிழைத்ததே பெரிய காரியம். அதனால் ஆஸ்பத்திரி நர்ஸம்மா மூன்றாம் மாசமே சொல்லிவிட்டார்: "தினம் அரை மணி நேரம் நட. பிரஷர் வர்ற வாய்ப்பு குறையும். வரவே வராதுன்னு சொல்லல, குறையும். தலைவலி, மூஞ்சி கை வீக்கம்னு வந்தா ஒடனே இங்க வந்துடணும்."

துர்கா நடந்தாள். நடக்க விட்டால்தானே? ராஜமாணிக்கம் வீட்டு வாசலில் ஒரு நாற்காலி, டீக்கடையில் ஒன்று, ரேஷன் கடையில் ஒரு முக்காலி என்று அரை மணி நேர நடையில் அவள் நடந்தது ஏழு நிமிஷம், மிச்சமெல்லாம் உபசாரம். மறுத்தால் மாமியாருக்குப் புகார் போகும். அவளே தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனால் மட்டும் ஒருத்தரும் நாற்காலி போடவில்லை. அது வேலையாம், நடையில் சேராதாம்.

எட்டாம் மாசம் ஒரு மத்தியானம் துர்காவின் வளையல் கையை இறுக்கியது. முகம் உப்பியிருந்தது. தலைவலி தாங்க முடியவில்லை.

"பாத்தியா, நடந்து நடந்து வீங்கிக் கெடக்குது. அப்படியே உக்காரு, சரியாப் போயிடும்" என்றார் ராஜமாணிக்கம்.

பக்கத்தில் பொம்மைக்கு மீசை வரைந்துகொண்டிருந்த சாதிகா பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். "இது உக்கார்ற நேரமில்ல மொதலாளி" என்று ஆட்டோவைக் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியில் பிரஷர் நூற்றெழுபது. இன்னும் இரண்டு மணி நேரம் அந்த நாற்காலியிலேயே இருந்திருந்தால்? இதை எழுதும்போதும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். குறைமாசத்தில் பிறந்த பிள்ளை ஒன்றே முக்கால் கிலோ, கண்ணாடிப் பெட்டிக்குள். நாலாம் நாள் அதைப் பார்க்க துர்கா சுவரைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் மெல்ல நடந்தாள். ஆப்பிள் பையோடு வந்திருந்த ராஜமாணிக்கம் சும்மா இருப்பாரா? ஸ்டூலை இழுத்தார்.

"நான் அப்பவே சொன்னேன், நடக்காதன்னு. உக்காரும்மா."

"நீங்க உக்காருங்க மொதலாளி. நான் எம் பொண்ணப் பாத்துட்டு வரேன்."

அவர் உட்கார்ந்துவிட்டார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைத்தாச்சிப் பெண் 'கொஞ்சம் நடந்துட்டு வரேன்' என்று செருப்பை மாட்டும்போது உங்கள் வாய் என்ன சொல்கிறது என்று ஒரு நாள் காது கொடுத்துக் கேளுங்கள். அதற்காக இப்போதே எழுந்திருக்க வேண்டாம். உட்கார்ந்தபடியே யோசியுங்கள், அதில்தான் உங்களுக்கு நல்ல பழக்கம்.