தும்மிய டிஸ்க் டிரைவ்

காலை பத்து மணிக்கு அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து புகை வந்தது. மதியம் இரண்டு மணிக்கு அதைப் பெற்றெடுத்தவர் வருவதாக இருந்தது.

வேல்ஸ் நாட்டு ஸ்வான்ஸி நகரின் கடற்கரைச் சாலையில் உள்ள அந்தக் குட்டி மியூசியத்துக்கு எம்ரிஸ் ப்ரோபர்ட்தான் நிர்வாகி. புகைந்துபோனது 1983-ல் வேல்ஸிலேயே செய்த கம்ப்யூட்டர். உலகத்தில் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். அதை இயக்கும் சிஸ்டத்தை ஒவ்வொரு வரியாக எழுதிய க்வென்லியன் ஹாப்கின், பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு தன் வீட்டிலிருந்து கொடுத்தனுப்பியது. இப்போது அவருக்கு எண்பத்திரண்டு வயது. கண்பார்வை முழுசாகப் போவதற்குள் ஒரு தடவை அதில் தட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று கடிதம் எழுதியிருந்தார்.

“உண்மையைச் சொல்லிடுங்களேன்,” என்றாள் டிக்கெட் கொடுக்கும் டெலித்.

“என்னன்னு? ‘உங்க பிள்ளையை நான் பொசுக்கிட்டேன், டீ சாப்பிடுறீங்களா’ன்னா?”

எம்ரிஸ் தன் லேப்டாப்பை எடுத்துவந்தான். அதில் எமுலேட்டர் இருந்தது. புதுக் கம்ப்யூட்டரைப் பழைய கம்ப்யூட்டராக நடிக்கவைக்கும் புரோகிராம். அந்த அம்மாவுடைய சிஸ்டத்தின் பிரதியும் இருந்தது. லேப்டாப்பை மேஜைக்கு அடியில் ஒளித்துவைத்து, பழைய திரையையும் கீபோர்டையும் அதில் மாட்டினான். பச்சை எழுத்துகள் பட்டென்று வந்து நின்றன.

“ஐயோ, இவ்வளவு வேகமாவா? அது கிளம்பவே நாலு நிமிஷம் ஆகுமே!” என்றாள் டெலித்.

வேகத்தைக் குறைத்தான். இப்போது தட்டிய எழுத்து திரைக்கு வந்து சேர்வதற்குள் டெலித் மதியச் சாப்பாட்டையே முடித்துவிட்டாள். சரியான வேகத்தைப் பிடிப்பதற்குள் மணி ஒன்றரை.

“அந்தச் சத்தம்? டிஸ்க் டிரைவ் கர்ர் புர்ர்னு அரைக்குமே?”

எம்ரிஸ் தலையில் கைவைத்துக்கொண்டான். டெலித் தன் சாப்பாட்டுப் பையிலிருந்து மிளகு அரைக்கும் குடுவையை எடுத்துத் திருகிக் காட்டினாள். அச்சு அசல் அதே சத்தம். இரண்டு மணிக்குக் குடுவையோடு, தரைவரை தொங்கிய மேஜை விரிப்புக்குள் புகுந்துகொண்டாள்.

க்வென்லியன் தன் கணவர் இட்ரிஸின் கையைப் பிடித்தபடி வந்து உட்கார்ந்தார். தட்டினார். கர்ர்... புர்ர்...

“கேட்டீங்களா இட்ரிஸ்? அதே குரல்!” அவர் கண் கலங்கியது.

இட்ரிஸ் தலையை மட்டும் ஆட்டினார். உடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அச்ச்!” என்றது மேஜை.

“என்ன அது?”

“தூசி மேடம். டிரைவ் பழசு.”

“நான் எழுதினதுல தும்மல் கிடையாதே?”

அதற்குள் பச்சைத் திரையின் நடுவே பளிச்சென்று ஒரு கட்டம் குதித்தது. ‘புதிய அப்டேட் தயார். இப்போதே ரீஸ்டார்ட் செய்யலாமா?’

எம்ரிஸ் பாய்ந்து திரையைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

“என்னப்பா ஆச்சு உனக்கு?”

“பாசம் மேடம்... ரொம்ப நாள் பழக்கம்.”

க்வென்லியன் நெகிழ்ந்துபோய் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார். “இப்படி ஒருத்தன்கிட்ட இது இருக்குன்னு தெரிஞ்சதே எனக்குப் போதும்.” முகம் கழுவ எழுந்து போனார்.

அந்தத் தட்டல் எம்ரிஸுக்கு அறை மாதிரி விழுந்தது. அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை. விரிப்பைத் தூக்கி இட்ரிஸுக்குக் காட்டினான். உள்ளே லேப்டாப்பும், மூக்கைத் துடைத்துக்கொண்டு டெலித்தும்.

“மன்னிச்சிடுங்க சார். எல்லாமே நாடகம். நிஜ மெஷின் இன்னிக்குக் காலையிலதான் புகைஞ்சுபோச்சு.”

இட்ரிஸ் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, அவன் காதருகே குனிந்தார்.

“மெதுவாப் பேசு தம்பி, அவளுக்குத் தெரியாது: நிஜ மெஷினை உங்களுக்கு அனுப்புறதுக்கு முந்தின வாரமே நான் கீழே போட்டு உடைச்சிட்டேன், இன்னிக்குப் புகைஞ்சது அந்தப் பழைய பெட்டிக்குள்ளே நான் ஒளிச்சுவெச்ச டூப்பு.”