ஹெர்டிஸின் கை ஏன் உயரவில்லை

மரியாதைக்குரிய மைத்துனர் தோழர் ஐனார் அவர்களுக்கு, குரோன்வீக் துறைமுகத்திலிருந்து ஓட்வார் எழுதிக்கொள்வது.

இங்கு புரட்சி நலம். அங்கு தீவில் புரட்சியின் நலத்தையும், அதற்கடுத்து தங்கள் செம்மறிகளின் நலத்தையும், கடைசியாகத் தங்கள் முழங்கால் வலியின் நலத்தையும் அறிய ஆவல். கட்சி வகுத்த வரிசை இது. என்மேல் கோபிக்க வேண்டாம்.

ஒன்பது நாளாகப் படகைக் காணோம், மாவு வரவில்லை, மருந்து வரவில்லை என்று தீவே எங்களைத் திட்டித் தீர்த்திருக்கும். கடல் கொந்தளிக்கவில்லை. படகும் பழுதாகவில்லை. காரணம் உங்கள் தங்கை ஹெர்டிஸ்தான். என் மனைவி என்றும் சொல்லலாம், ஆனால் இந்த ஒன்பது நாளும் நான் அவளை உங்கள் தங்கையாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நகரசபையில் எப்போதும்போலச் செவ்வாய்க்கிழமைக் கூட்டம். நூற்றுப் பன்னிரண்டு உறுப்பினர்கள் உள்ளே போனார்கள், ஹெர்டிஸும் அதில் ஒருத்தி. ஒரு கை கீழே இருந்தாலும் புரட்சி முடியவில்லை என்று முதல் தோழர் எழுதிவைத்துவிட்டுப் போனது உங்களுக்குத் தெரியும். இணங்காதவரைத் தண்டிக்கக் கூடாது, அன்பால் இணங்க வைக்க வேண்டும், அதுவரை யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. முப்பத்தொரு வருஷமாக இந்த விதியால் ஒருவருக்கும் ஒரு தொந்தரவும் வந்ததில்லை, ஏனென்றால் எல்லோரும் எல்லாவற்றுக்கும் கையைத் தூக்கிவிட்டுச் சூட்டோடு சூடாக வீட்டுக்கு வந்துவிடுவார்கள். இடது காலும் வலது காலும் சமம், ஆகவே இரண்டுக்கும் ஒரே அச்சில் பூட்ஸ் என்று தீர்மானம் வந்ததே, அதற்குக்கூட ஹெர்டிஸ் கை தூக்கினாள். அந்தக் குளிர்காலம் முழுக்க இரண்டு பாதத்திலும் கொப்புளத்தோடு நடந்தாள். மேல்மாடிக்காரர்களும் கீழ்த்தளத்துக்காரர்களும் வருஷத்துக்கொரு தடவை வீடு மாற வேண்டும், படி ஏறும் வர்க்கம் என்று ஒன்று இருக்கக் கூடாது என்றார்கள். அதற்கும் தூக்கினாள். கட்டிலை நான்தான் சுமந்தேன். அவளைக் கேட்டால், நான் சுமக்கவில்லை, சுமக்கிறவர்களுக்கு வழி மட்டும் சொன்னேன் என்பாள்.

அப்படிப்பட்டவள் அன்று சாயங்காலம் வரவில்லை. போய்ப் பார்த்தால் மண்டபத்து வாசலில் பலகை: "இணங்கியோர் 111. இணங்கவிருப்போர் 1." வாசல் காவலுக்கு இருக்கிற குன்வோர் பின்னல் ஊசியை ஆட்டிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஓட்வார் அண்ணே, அந்த ஒண்ணு யாருன்னு நெனைக்கிறீங்க?"

"யாரு, அந்த மீன்பிடிக் கிழவனா?"

"உங்க வீட்டம்மா."

"எதுக்கு?"

"அதை நான் சொன்னா என் வேலை போயிரும். தீர்மானம் முடியுற வரைக்கும் ரகசியம். சூப்பு கொண்டாந்தா உள்ளே குடுக்கிறேன்."

மச்சான், அந்த நிமிஷம் எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வந்தது ஆவல். பூட்ஸுக்கும் படிக்கட்டுக்கும் தலையாட்டியவளை எது இப்படி நிறுத்தியிருக்கும்? தூக்கம் போயிற்று. கோடைகாலத்தை ஒரு வாரம் முன்னால் தள்ளப் போகிறார்களா? நீராவிக் குளியலில் பாட்டுப் பாடத் தடையா? எல்லோர் வீட்டு நாய்க்கும் ஒரே பெயரா? நாளுக்கொரு யூகத்தை எடுத்துக்கொண்டு, பட்டாணி சூப்பும் வேகவைத்த உருளைக்கிழங்குமாக வாசலுக்குப் போனேன். குன்வோர் ஒவ்வொன்றுக்கும், "அதெல்லாம் இல்ல அண்ணே, அதைவிடச் சின்ன விஷயம்" என்றாள். சின்ன விஷயம் என்றதும் ஆவல் இரட்டிப்பாகிவிட்டது.

ஊர் நின்றுபோயிற்று. அடுமனைக்காரன் உல்ரிக் உள்ளே. படகோட்டி உள்ளே. பிரசவம் பார்க்கிறவள் உள்ளே, இரண்டு பெண்கள் மண்டபத்துப் பின்கட்டிலேயே வந்து பெற்றுக்கொண்டார்கள். தெருவில் என்னைப் பார்த்தவர்கள், "என்ன ஓட்வார், ரொட்டி இல்லாத வாழ்க்கை நல்லாருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

இதில் சந்தோஷமாக இருந்தது ஒரே கூட்டம், இணங்கவைப்புத் துறை. முப்பத்தொரு வருஷமாக வேலையே இல்லாமல் அலுவலகத்தில் முட்டைக்கோஸ் வளர்த்துக்கொண்டிருந்தவர்கள். துறைத் தலைவர் ஹால்வார் வேலை வந்ததே என்று கண்ணீர் விட்டாராம். விளக்கப்படம், பாடகர் குழு, தேன், காலுக்கு வெந்நீர் என்று எல்லாம் கொண்டுபோய் இறக்கியிருக்கிறார். ஒன்றும் பலிக்காமல் ஏழாம் நாள் என் வீட்டுக்கு வந்தார், கையில் குறிப்பேடு.

"தோழர், உங்க மனைவிக்கு என்ன பாட்டு பிடிக்கும்?"

"பாட்டா?" என்றேன்.

"சரி, பாட்டை விடுங்க. என்ன பலகாரம்?"

"ஹெர்ரிங் மீன் நல்லாப் பண்ணுவா."

"பண்ணுவாங்க சரி. பிடிக்குமா?"

மச்சான், கல்யாணமாகி முப்பத்துநாலு வருஷம். எனக்குத் தெரியவில்லை. அவர் குறிப்பேட்டை மூடிக்கொண்டு போய்விட்டார். நான் அடுக்களையில் போய் நின்றேன். தொட்டி நிறைய என்னுடைய சூப்புப் பாத்திரம், அதைக் கழுவ ஆரம்பித்தேன். வெட்கமாக இருந்தது, அதை உங்களிடம் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். மண்டபத்தில் நூற்றுப்பதினொரு பேரும் தாடியும் போர்வையுமாக என்னைச் சூடான ரொட்டியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். நடுவில் ஹெர்டிஸ், கையைக் கட்டிக்கொண்டு. ஹால்வார் தீர்மானத்தைப் படித்தார்: மூடுபனியில் கப்பல்களை எச்சரிக்கும் துறைமுகச் சங்கை முப்பது வருஷம் ஒரு நாளும் தவறாமல் ஊதிய தோழர் ஓட்வாருக்கு "சோர்வறியாத் தோழர்" பட்டம்.

எனக்கு! என் படம் துறைமுகச் சுவரில்! மறைக்க மாட்டேன் மச்சான், எனக்கு அது வேண்டும் என்று இருந்தது. அவ்வளவு ஆசையாக எதையும் நான் விரும்பியதில்லை. அதை என் பெண்டாட்டி ஒன்பது நாளாகக் குறுக்கே நின்று மறித்துக்கொண்டிருக்கிறாள். காது கொதித்தது.

"ஏன் ஹெர்டிஸ்?"

"சோர்வறியாதவரா? நீங்களா?" என்றாள், சபையைப் பார்த்து. "தோழர்களே, தின்ன தட்டை மேசையிலேர்ந்து தொட்டிக்குக் கொண்டுபோறதுக்குள்ள சோர்ந்துபோற மனுஷன் இவர். ஆறடி தூரம். முப்பத்துநாலு வருஷமா அந்த ஆறடியைத் தாண்டல. சங்கு ஊதினாரு, ஒத்துக்கிறேன். ஒரு சங்கிலியைப் பிடிச்சு இழுக்கணும், அவ்வளவுதான்."

உல்ரிக் எழுந்து என் தோளைப் பிடித்தான். "அண்ணே, ஒரு வார்த்தை நல்லதாப் பேசி அக்காவைச் சம்மதிக்க வைங்க. ரொட்டிக்கு நான் புளிக்க வெச்ச மாவு செத்துப்போயிருக்கும்."

பேச வாயெடுத்தேன். ஹெர்டிஸ் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோல் ஊறிச் சுருங்கிப் போயிருந்தது.

"சூப்புப் பானை கழுவினது யாரு?"

"நான்தான்."

"ஒன்பது நாளுமா?"

"ஏழாம் நாள்லேர்ந்து. ஆனா எல்லாத்தையும் சேர்த்து."

"எப்படி இருந்துச்சு?"

பொய் சொல்லியிருந்தால் படம் சுவரில் ஏறியிருக்கும். சொல்ல வரவில்லை. "முதுகு போச்சு ஹெர்டிஸ். ரொம்பச் சோர்வா இருக்கு."

மண்டபம் வெடித்துச் சிரித்தது. ஹால்வார் மட்டும் துள்ளி எழுந்தார். "திருத்தம்! தோழர் ஓட்வார் சோர்வுள்ளவர் என இச்சபை கருதுகிறது. ஆதரிப்போர்?" கைகள் உயர்ந்தன. ஹெர்டிஸின் கை எல்லாவற்றுக்கும் முந்தி. கடைசியாக என் கையும். அதை எண்ணக் கூடாது என்றார்கள், நான் இறக்கவில்லை.

ஆக, இந்த நாட்டில் ஒருமனதாகச் சோர்வுள்ளவன் என்று அறிவிக்கப்பட்டவன் நான் ஒருவன்தான். பட்டம் போனது வருத்தம்தான், பொய் சொல்ல மாட்டேன். முதல் படகு இன்று புறப்படுகிறது. இந்தக் கடிதத்தோடு மாவும் வரும்.

தங்கள் செம்மறிகள் ஏற்றத்தாழ்வின்றிக் கம்பளி தரட்டும். தங்கள் முழங்கால் இரண்டும் சம உரிமையோடு மடங்கட்டும்.

தோழமையுடனும் முதுகுவலியுடனும்,
ஓட்வார்

பி.கு. அண்ணா, நான் ஹெர்டிஸ். தபால்தலை ஒட்டச் சொல்லிக் கடிதத்தை என்னிடம் கொடுத்தார், படித்துவிட்டேன். பாத்திரக் கதை நிஜம்தான், ஆனால் அதற்காக யாராவது ஒன்பது நாள் மரப்பெஞ்சில் படுப்பார்களா? தீர்மானத்தின் நாலாம் பக்கத்தை அந்தச் சபையில் ஒருவரும் படிப்பதில்லை. பட்டம் வாங்குகிறவர் மூன்று வருஷம் மாவட்டம் மாவட்டமாகத் தனியாகப் போய்ச் சோர்வின்மை பற்றிப் பேச வேண்டும், குடும்பத்துக்கு அனுமதி இல்லை என்று அதில் இருக்கிறது. எனக்கு இவர் இல்லாமல் மூன்று வருஷம் முடியாது. அதை நூற்றுப்பதினொரு பேர் முன்னால் எப்படிச் சொல்லுவேன்? வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நீ இவரிடம் மூச்சு விடாதே. இப்போது அடுக்களையில் நின்று கழுவிக்கொண்டிருக்கிறார். காரணம் தெரிந்தால் நிறுத்திவிடுவார்.