மாப்பிள்ளை வீட்டுப் பொம்மை

கதவு தட்டப்பட்டபோது சிவானந்தன் பொம்மையின் காதைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார். பழைய தோட்டின் களிம்பு ஏறிக் காது பச்சையாகிக் கிடந்தது.

"ஆரது?"

"நான் நாகேந்திரம். காலமை டெலிபோனிலை கதைச்சனான். பொம்பிளையின்ரை தகப்பன்."

சிவானந்தனுக்குத் திக்கென்றது. பொழுதுபடத்தான் வருவேன் என்ற மனிதர், மத்தியானச் சோறு செமிக்க முதலே வந்து நிற்கிறார்!

சிவானந்தனுக்கு நாற்பது தாண்டிவிட்டது. புதுக்கடை நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். வெள்ளவத்தை பிளாட்டில் தனிக்கட்டை. அவருக்கு ஒரேயொரு பலவீனம், பழைய வெளிநாட்டுப் பொம்மைகள் சேர்ப்பது. தொட்டிலில் போடுகிற குழந்தைப் பொம்மைகள் அல்ல. ஒடுங்கிய இடுப்பும், மாற்றிப் போட விதவிதமான உடுப்புகளும், குதி உயர்ந்த சப்பாத்துமாக நிற்கும் நாகரிகப் பொம்மைகள்.

முந்தி வந்த சம்பந்தம் அதனால்தான் குழம்பியது. அலுமாரியைத் திறந்து பார்த்த பெண்ணின் தாய், "இவருக்கு ஏற்கெனவே ஒரு டசின் பொம்பிளையள் இருக்கினமே" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினா. அன்றைக்கே அக்கா வந்து எல்லாவற்றையும் பெட்டியில் அடைத்துக் கொண்டுபோய்விட்டா.

"இனி ஒரு பொம்மையைக் கண்டனெண்டால், உனக்குக் கலியாணம் பேச நான் வரமாட்டன்."

இது அதற்குப் பிறகு வாங்கியது. அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்ட ஒரு பறங்கி மனுசி வீட்டுச் சாமான்களை விற்றபோது, தட்டுமுட்டுகளுக்கு நடுவே கிடந்தது. சிவானந்தன் உள்ளங்காலைப் பார்த்தார். இரண்டு காலிலும் ஓட்டை! தாங்கியில் குத்தி நிறுத்துவதற்கான அந்த ஓட்டை முதன்முதலில் வந்த பொம்மைகளுக்கு மட்டுந்தான் இருந்தது. பிறகு வந்தவற்றுக்குக் கிடையாது. பொம்மை சேர்க்கிறவர்கள் உலகம் முழுக்கத் தேடித்திரிகிற சாமான் அது. அன்றிரவு அவருக்கு நித்திரை வரவில்லை.

இப்போது அதை எங்கே ஒளிப்பது? ஓடிப்போய் அரிசி வாளிக்குள் தாட்டுவிட்டு வந்து கதவைத் திறந்தார்.

"சாதகம் எடுத்து வைச்சிருக்கிறன், பாக்கிறியளோ?"

"சாதகம் கிடக்கட்டும் தம்பி. முதல் வீட்டைப் பாப்பம்."

நாகேந்திரம் கதிரையில் இருக்கவில்லை. மெத்தைகளைத் தூக்கிப் பார்த்தார். புத்தகத் தட்டுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பிறகு நேரே குசினிக்குள் போனார்.

"பிள்ளை புழங்கப்போற இடமெல்லோ? இதென்ன, சம்பா அரிசியோ?"

அவருடைய கை வாளி மூடிக்குப் போனது.

"நான் எடுத்துக் காட்டுறன்!" சிவானந்தன் குறுக்கே விழுந்து, ஒரு கையால் அரிசியை அள்ளி நீட்டி, மறு கையால் பொம்மையை இழுத்துச் சேட்டுக்குள் செருகிக்கொண்டார்.

நாகேந்திரம் அரிசியைப் பார்க்கவேயில்லை. அறைக்குள் போய் அலுமாரியைத் திறந்தார். குனிந்து கட்டிலுக்கடியிலும் பார்த்தார்.

"கரப்பான் இருக்கோ எண்டு பாக்கிறன்" என்று நிமிர்ந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

"தம்பி, உங்கடை சேட்டுக்குள்ளாலை ஒரு கால் தெரியுது."

சிவானந்தன் குனிந்து பார்த்தார். இரண்டு பொத்தான்களுக்கு நடுவே சப்பாத்துப் போட்ட கால் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. நிலமெல்லாம் அரிசி.

"அது... என்ரை மருமகளின்ரை, அக்காவின்ரை மகளின்ரை."

"அவ எங்கை?"

"யாழ்ப்பாணத்திலை."

"சண்டையாலை பாதை பூட்டிக் கிடக்கு. அவவின்ரை பொம்மை எப்படிக் கொழும்பிலை?"

"இல்லை, அவவுக்கு அனுப்ப வாங்கினது. கப்பல் ஓடினால் அனுப்பலாமெண்டு..."

"பிள்ளைக்கு எத்தினை வயசு?"

"இருபத்தாறு."

உண்மை வாய்தவறி வந்துவிட்டது. நாள்முழுக்க மற்றவர்களின் பொய்களை இரண்டு மொழிக்குத் தடக்காமல் மாற்றுகிறவருக்கு, சொந்தமாக ஒரு பொய் ஓடவில்லை.

நாகேந்திரத்தின் முகம் கறுத்தது. "இருபத்தாறு வயசுக் குமருக்குப் பொம்மையோ? ஆருக்குத் தம்பி இது? உண்மையைச் சொல்லுங்கோ."

இன்னொரு சம்பந்தம் படியிறங்கப் பார்க்கிறது. அக்காவின் முகம் கண்ணுக்குள் வந்து போனது.

"உங்கடை மகளுக்கு!" என்று கத்திவிட்டார். "முதல் பரிசாக் குடுக்கலாமெண்டு... வெக்கத்திலை ஒளிச்சு வைச்சனான்."

நாகேந்திரத்தின் முகத்தில் அப்படியொரு வெளிச்சம்!

"என்ரை பிள்ளைக்கோ? தாங்கோ, பாப்பம்."

இரண்டு கையாலும் வாங்கினார். சட்டென்று தலைகீழாகத் திருப்பி, சப்பாத்தைக் கழற்றி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உள்ளங்காலைப் பார்த்தார்.

"ஏன் காலைப் பாக்கிறியள்?"

"பொம்பிளை பாக்கேக்கையும் காலைத்தானே முதல் பாக்கிறது" என்றார் நாகேந்திரம். காலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இதின்ரை தாங்கி இருக்கோ?"

எவ்வளவு கவனமான மனிதர் என்று சிவானந்தனுக்கு ஒரே புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. தாங்கியையும் தோட்டையும் எடுத்துக் கொடுத்தார். ஆனாலும் மனம் கேட்கவில்லை.

"மகளைக் கூட்டிக்கொண்டு வரேக்கை நானே என்ரை கையாலை குடுக்கிறனே?"

"சே, சே! இதைக் கண்டால்தான் பிள்ளை ஓமெண்டு சொல்லுவா." நாகேந்திரம் பொம்மையைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, தேத்தண்ணியும் குடியாமல் படியிறங்கினார்.

நெஞ்சு கொஞ்சம் வலித்தது. ஆனாலென்ன, கலியாணம் முடிந்தால் பொம்பிளையோடு பொம்மையும் இந்த வீட்டுக்குத்தானே வரப்போகிறது? சிவானந்தன் நிலத்து அரிசியைக் கூட்டத் தொடங்கினார்.

மேல் வீட்டு இரத்தினம்மா மீன் பையோடு மூச்சிரைக்க ஏறிவந்து வாசலில் நின்றா.

"தம்பி, நாகேந்திரத்தார் உன்னட்டையோ வந்தவர்? கீழை கண்டனான். நான் கூப்பிட்டதும் கேக்காமல் ஓட்டோவிலை ஏறி ஓடுறார்."

"உங்களுக்கு அவரைத் தெரியுமோ, அக்கா?"

"தெரியாமல்? என்ரை மனிசனோடை முப்பது வருசம் ஒரே கந்தோரிலை வேலை. போன கிழமை கோயிலிலை உன்னைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டவர். அந்தப் பறங்கி மனுசிதான் உன்ரை பேரைச் சொன்னதாம்."

"பொம்பிளை வீட்டார் நாலு இடத்திலை விசாரிப்பினம்தானே" என்று சிவானந்தன் வெட்கத்தோடு சிரித்தார். "தன்ரை மகளுக்கு என்னைக் கேட்டு வந்தவர்."

இரத்தினம்மா மீன் பையை நிலத்தில் வைத்தா.

"கலியாணமே கட்டாமல், வீடு நிறையப் பழைய பொம்மையளை அடுக்கி வைச்சிருக்கிற மனுசனுக்கு ஏது தம்பி மகள்?"