விடுபட்ட இரவுகள் குறித்து மதிப்பீட்டாளருக்கு

வெள்ளவத்தை,
பங்குனி 1997

பேரன்புக்குரிய மைத்துனர் நாகேந்திரத்துக்கு,

இங்கே நாங்கள் சுகம். உம்முடைய அக்கா சரோஜினிதேவிக்கு முழங்கால் வலி, எனக்கு என் சஞ்சிகை 'வானோக்கு'. இரண்டுக்கும் மருந்து இல்லை. இங்கிலாந்தில் குளிர் குறைந்து, பல்கலைக்கழகத்தில் உம்முடைய மதிப்புக் கூடவேண்டுமென்று பிள்ளையாரிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம்.

நீர் அனுப்பிய மதிப்பீட்டு அறிக்கை கிடைத்தது. முப்பத்தெட்டு வருடமாக வரும் வானியல் சஞ்சிகை இனியாவது உலக முறைப்படி நடக்கவேண்டும், எழுதியவரின் பெயரை மறைத்து நிபுணரிடம் அனுப்பவேண்டும் என்று சொன்னவர் நீர். நானும் மறைத்தேன். இப்போது நீர், "திமிங்கில மண்டலத்து விண்மீனின் ஒளி மாற்றம் பற்றிய இந்த அவதானிப்பில் மூன்று இடங்களில் இரவுகள் விடுபட்டிருக்கின்றன. அவதானிப்பாளர் சோம்பேறி. மறுக்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர். ஆகவே முறையை மீறி ஆளைச் சொல்கிறேன்.

பெயர் சிவபாலன். முப்பத்தைந்து வயது, கிளிநொச்சிக்காரர். இங்கே கடற்கரைப் பக்கத்து லொட்ஜ் ஒன்றில் தங்கிப் படவரைஞர் வேலை பார்க்கிறார். இரவல் பைனாகுலரோடு மொட்டைமாடியில் நின்று அந்த விண்மீனைப் பார்த்தார். முதல் இடைவெளி, பொலிஸ் லொட்ஜைச் சுற்றிவளைத்து எல்லோரையும் லொறியில் ஏற்றியபோது வந்தது. அடுத்தது, நகரத்தில் குண்டு வெடித்தபின் லொட்ஜ்காரி பழனியம்மா மாடிக் கதவைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்ட கிழமை. "நட்சத்திரம் பார்க்கணும்னா ஜன்னல்ல பாருங்க தம்பி, எனக்கு ஜெயிலுக்குப் போக நேரமில்ல" என்றாளாம். அவருடைய ஜன்னலுக்கு நேரே எதிர்வீட்டுத் தண்ணீர்த் தாங்கி. அதன் ஒளி மாறுவதில்லை. மூன்றாவது இடைவெளியில் ஆள் பொலிஸ் கூட்டுக்குள். பைனாகுலரும், 'கூடுகிறது, குறைகிறது' என்று எழுதிய தாள்களும் பிடிபட்டால் வேறென்ன நடக்கும்?

நான் பழைய இதழ்களைக் கட்டிக்கொண்டு பொலிசுக்குப் போனேன். சார்ஜன்ட் தாளைத் தட்டி, "மேக்க மொக்கத மஹத்தயா?", இது என்ன ஐயா, என்று கேட்டார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், இது ஒரு 'தருவ', அதாவது நட்சத்திரம், இதன் வெளிச்சம் குறைந்துகொண்டே போகிறது, பதினொரு மாதம் போனால்தான் திரும்பும் என்றேன். மனுசனின் முகம் மாறிவிட்டது. "அனே!" என்று இரங்கிக் கதிரையை இழுத்து என்னை இருத்தி, தேத்தண்ணி தந்து, அன்றைக்கே சிவபாலனை என்னோடு அனுப்பிவிட்டார்.

அவரோடு வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது உம்முடைய அக்கா தலையில் கைவைத்தாள்.

"என்னப்பா நீங்கள்! நட்சத்திரத்துக்கும் பிள்ளைக்கும் சிங்களத்திலை கிட்டத்தட்ட ஒரே சொல்லு. அழுத்திச் சொல்லவேண்டியதை மெலிச்சுச் சொல்லியிருக்கிறியள். இந்தத் தம்பிக்குச் சாகக் கிடக்கிற பிள்ளை ஒண்டு இருக்கெண்டு நினைச்சு விட்டிருக்கிறான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிவபாலன் சிரிக்கவில்லை.

"எனக்கு ஒரு மகள் இருக்கிறா ஐயா, கிளிநொச்சியிலை. தாயோடை. போன ஆவணியிலையிருந்து ஒரு தகவலும் இல்லை," என்றார். "இரவிலை நித்திரை வராது. பார்த்துக்கொண்டு நிக்க ஏதாவது வேணும். அதுதான்."

உம்முடைய அக்கா உள்ளே போய்விட்டாள். நான் இதழ்க்கட்டின் சணலை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன்.

நாகேந்திரம், யாழ்ப்பாணத்துச் சந்தாக்காரர்களுக்கு அனுப்பிய பொதிகள் திரும்பி வருகின்றன. கொழும்பில் இருப்பவர்கள் ராசிபலன் போடச் சொல்கிறார்கள். கொட்டாஞ்சேனை அச்சகத்து யேசுரட்ணம், "மாஸ்டர், கட்டுரை இல்லாட்டில் சொல்லுங்கோ, நான் கலண்டர் அடிக்கப்போறன்" என்கிறார். இந்த இதழுக்கு வந்த கட்டுரை இது ஒன்றுதான். இந்த ஊரில் ஒரு மனிதன் இத்தனை இரவு வானத்தைப் பார்த்ததே பெரிது. விடுபட்டதை விடுபட்டபடியே அச்சிடச் சம்மதம் தாரும்.

உமக்கும் குடும்பத்துக்கும் ஒரு குறையும் வராமல் அவன் காக்கட்டும். பிள்ளைகளுக்கு எங்கள் ஆசிகள். அவர்களுக்குத் தமிழ் விளங்கினால் சொல்லும்.

இப்படிக்கு,
உம்முடைய அத்தான்
இராஜநாயகம்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும் நேரம் சிவபாலன் வந்தார். வேறு பொலிஸ்காரர் லொட்ஜுக்கு வந்து, மாடியில் நின்றவன் யாரென்று விசாரித்திருக்கிறார்கள். "ஐயா, கட்டுரையைப் போடாதேங்கோ. போட்டால் நான் எந்தெந்த இரவு மாடியிலை நிண்டனான் எண்டு அச்சிலை வந்திடும்" என்றார். இன்றைக்கே வத்தளைக்கு மாறுகிறார். ஆகையால் மேலே எழுதிய எதையும் கணக்கில் எடுக்கவேண்டாம். கட்டுரையை மறுத்துவிடும். சும்மா மறுத்தால் போதாது. இதெல்லாம் வெறும் கற்பனை, இவர் அந்த விண்மீனைப் பார்த்ததே இல்லை என்று பல்கலைக்கழகத் தாளில், முத்திரை குத்தி எழுதி அனுப்பும். பொலிஸ் மறித்தால் காட்டச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரியட்டும்.